சத்தம் மட்டும் வந்த டிவியும் வாரண்டி அட்டையின் நான்காம் பக்கமும்

பத்தரை மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 55 அங்குல டிவி. ஒருநாள் ராத்திரி அம்மா கூப்பிட்டார்: "டேய், சத்தம் வருது, படத்தைக் காணோம்டா." போய்ப் பார்த்தால், செய்தி வாசிப்பவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார், திரை மட்டும் கறுப்பு. ஒலியைக் கூட்டினால் கூடுகிறது, சேனலை மாற்றினால் மாறுகிறது.

பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, மறுபடி போட்டேன். கையேட்டில் முதலில் சொல்லியிருக்கும் வைத்தியம் அது. உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து டிவி புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் மின்னியது. மறுபடி இருட்டு.

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவரைப் போனில் பிடித்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் சட்டைக் காலர் மங்கலாகத் தெரிந்தது. டார்ச்சைக் கீழே இறக்கினால் அடியில் ஓடும் எழுத்துகளும் தெரிந்தன. படம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெளிச்சம்தான் இல்லை.

எல்இடி டிவி என்று நாம் சொல்வது பெரும்பாலும் எல்சிடி டிவிதான். அந்தத் திரை தானாக ஒளிராது. பின்னால் வரிசையாக எல்இடி பதித்த பட்டைகள் இருக்கும், அவற்றின் வெளிச்சத்தைத் திரை வடிகட்டிப் படமாகக் காட்டும். பட்டைகளுக்குப் பேக்லைட் ஸ்ட்ரிப் என்று பெயர். பல மாடல்களில் எல்இடிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று போனாலும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடலாம்.

இதைத் தெரிந்துகொண்டது மறுநாளே கை கொடுத்தது. சர்வீஸ் எண்ணில் பேசியவர், திரை கறுப்பு என்றதும், "பேனல் உடைஞ்சிருக்கலாம் சார், அடிபட்டிருந்தா வாரண்டி வராது" என்றார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை, டார்ச் அடித்தால் படம் தெரிகிறது, பேக்லைட்தான் எரியவில்லை என்று சொன்னேன். ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "பேக்லைட் புகார்" என்று பதிவு செய்தார். புகாரின் முதல் வரியில் "பேனல் உடைவு" என்று ஏறிவிட்டால் அதை மாற்ற வைப்பது பெரும்பாடு. அதனால் போன் செய்வதற்கு முன் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்பதை நாமே நான்கு வரியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காரணத்தை ஊகித்துச் சொல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

அடுத்து அவர் கேட்டவை இரண்டு: சீரியல் எண், பில். அங்கேதான் நான் திணறினேன்.

சீரியல் எண் டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டிவியோ சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கிறது, இடைவெளியில் கைகூட நுழையாது. செட்டிங்ஸில் "இந்த டிவியைப் பற்றி" என்ற பக்கத்திலும் அந்த எண் உண்டு, ஆனால் படமே வராத டிவியில் அதை எப்படிப் படிப்பது? கடைசியில் செல்போனில் வீடியோ ஓட விட்டு, டார்ச்சையும் போட்டு, மேலிருந்து இடுக்கில் இறக்கி எடுத்தேன். மூன்றாவது தடவைதான் எழுத்துகள் தெளிவாக வந்தன.

பில் பத்திரமாகத்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறையில். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது. அது சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் தாள், மையில் அச்சடித்தது இல்லை. வெயில், வெப்பம், சில பிளாஸ்டிக் உறைகள் எல்லாமே அந்த எழுத்தை மங்க வைக்கும். நல்லவேளையாக வாங்கிய கடையில் என் போன் எண்ணை வைத்துத் தேடி நகல் கொடுத்தார்கள். அதில் இன்னொன்று கண்ணில் பட்டது. டிவி வீட்டுக்கு வந்தது பில் போட்டு ஒன்பது நாள் கழித்து. ஆனால் என் வாரண்டி அட்டை காலத்தை எண்ணுவது வாங்கிய தேதியிலிருந்து. நான் மனசில் வைத்திருந்த கடைசி நாளுக்கும் உண்மையான கடைசி நாளுக்கும் ஒன்பது நாள் வித்தியாசம்.

டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன் முதுகு ஸ்டிக்கரை ஒரு படம், பில்லை ஒரு படம், கையெழுத்து முத்திரையோடு வாரண்டி அட்டையை ஒரு படம். எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள், வழியில் உடைந்ததா, வீட்டில் உடைந்ததா என்ற வழக்கு வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. நிறுவன இணையதளத்தில் பதிவு செய்வதும் நல்லதுதான், ஆனால் பதிவு செய்துவிட்டோம் என்று பில்லை விட்டுவிடக் கூடாது. எங்கே போனாலும் கடைசியில் கேட்பது பில்லைத்தான்.

டெக்னீஷியன் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்த நான்கு நாளில்தான் வாரண்டி அட்டையை முதன்முதலாக முழுசாகப் படித்தேன்.

மேலே "லிமிடெட் வாரண்டி" என்று இருந்தது. அந்த "லிமிடெட்" என்பதை நான் ஏதோ அலங்காரச் சொல்லாகவே நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்–மாஸ் சட்டம், எழுத்தில் தரும் வாரண்டி "ஃபுல்" வகையா "லிமிடெட்" வகையா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. ஃபுல் என்று போட வேண்டுமானால் பழுதை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் சரியாகாவிட்டால் பணத்தையோ வேறு பொருளையோ தர வேண்டும், காலத்துக்குள் பொருள் கை மாறினாலும் புதிய உரிமையாளருக்கும் அது பொருந்த வேண்டும், இன்னும் சில. இவற்றில் ஒன்று குறைந்தாலும் லிமிடெட்தான். டிவிக்கு வரும் வாரண்டி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டியது, எதில் வரம்பு?

என் அட்டையில் வரம்புகள் நாலாபக்கமும் இருந்தன. காலம் ஒரு வருடம். முதலில் வாங்கியவருக்கு மட்டும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும், கடையிலோ அலுவலக வரவேற்பறையிலோ மாட்டினால் செல்லாது. பழுதான பாகத்துக்குப் பதில் புதியதோ, புதுப்பிக்கப்பட்டதோ போடலாம், அது நிறுவனத்தின் விருப்பம். மாற்றிய பாகத்துக்குத் தனியாக ஒரு வருடம் கிடையாது, மூல வாரண்டியில் எத்தனை நாள் மிச்சமோ அத்தனை நாள்தான். நான்காம் பக்கத்தில் விலக்குகள்: அடிபட்ட திரை, உள்ளே இறங்கிய திரவம், மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, தவறான பொருத்துதல், அங்கீகாரம் இல்லாதவர் திறந்து பார்த்தது, அழிக்கப்பட்ட சீரியல் எண், ரிமோட் பேட்டரி, ஒரே படம் நெடுநேரம் நின்றதால் வந்த தடம்.

வாரண்டி அட்டையை நாம் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறோம், அல்லது படிப்பதே இல்லை. இப்போது நான் விலக்குகளிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். என்னென்ன கிடைக்காது என்று தெரிந்தால்தான் எதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது புரிகிறது. மின்னழுத்தம் விலக்கில் இருக்கிறதா, அப்போது ஸ்டெபிலைசரோ சர்ஜ் புரொடெக்டரோ நம் பொறுப்பு.

அட்டையின் அடியில் சின்ன எழுத்தில், சட்டப்படி உங்களுக்குள்ள மற்ற உரிமைகளை இது பாதிக்காது என்று ஒரு வரி இருந்தது. கண்ணில் படாத இடத்தில் இருந்தாலும் கனமான வரி அது. நிறுவனம் தரும் வாரண்டி ஒன்று, வாங்கியவருக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில், பொருளில் குறை இருந்தால் விற்றவர் குறைந்தது 2 ஆண்டு பொறுப்பேற்க வேண்டும், அட்டையில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும். ஆகவே அட்டையில் இல்லை என்று யாராவது கைவிரித்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

பிக்சல் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள் வைத்தால் இரண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஒன்றிரண்டு செத்திருந்தால் குறையாகக் கணக்கில் வராது, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால்தான் வரும். எத்தனை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. அதனால் வாங்கிய புதிதில், கடையில் மாற்றித் தரும் நாட்கள் இருக்கும்போதே, முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு படமாகத் திரையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கறுப்பில் மின்னும் புள்ளியும் வெள்ளையில் இருக்கும் கறுப்புப் புள்ளியும் உடனே தெரியும்.

ஐந்தாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். வந்ததும் மூத்தவர் டிவியைத் தொடவில்லை, சுவர் பிராக்கெட்டைத்தான் பார்த்தார்.

"இதை யார் சார் மாட்டினது?"

"வெளியாள்தான் தம்பி. ஏன்?"

"ஸ்க்ரூ நீளம் பார்க்கணும் சார்."

ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, கையேட்டில் என் மாடலுக்குப் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டிவியின் முதுகில் உள்ள நான்கு ஓட்டைகளின் இடைவெளிக்கு வெசா என்று ஒரு பொது அளவு உண்டு, 200-க்கு 200, 400-க்கு 400 மில்லிமீட்டர் என்று. ஓட்டை பொருந்தினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறு. கூடுதல் நீளம் உள்ளே போய் போர்டையோ பேனலையோ குத்தினால் அது தவறான பொருத்துதல், நான்காம் பக்கம். என் விஷயத்தில் மாட்டியவர் வாஷர் வைத்துச் சரியாகவே செய்திருந்தார். அந்த மனிதரை அன்றைக்கு நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

கட்டில்மேல் போர்வையை விரித்து டிவியைப் படுக்கவைத்தார்கள். ஓரச் சட்டத்தை எடுத்ததும், உறிஞ்சுக் கிண்ணங்களைத் திரையில் ஒட்டி, இரண்டு பேரும் ஒரே மூச்சில் பேனலைத் தூக்கினார்கள். தனியாகப் பார்த்தால் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது போலிருந்தது. ஓரத்தில் ரிப்பன் மாதிரி இணைப்புகள் தொங்க, லேசாக வளைந்து ஆடியது. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு திரையைத் துடைக்கும்போது என் கை தானாகவே மென்மையாகிவிட்டது. ஈரமில்லாத மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பிறகு பட்டைகள் தெரிந்தன. டெஸ்டரை வைத்தார், ஒரு பட்டை எரிந்தது, இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு எல்இடி இருட்டு. கடுகளவு சமாச்சாரம். அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றினார்கள், இல்லையென்றால் பழைய வெளிச்சமும் புதிய வெளிச்சமும் திட்டுத்திட்டாகத் தெரியுமாம்.

டிவி எழுந்ததும் அவர் நேராகப் பட அமைப்புக்குப் போனார். "சார், பேக்லைட்டை எப்பவும் நூத்துலயேவா வெச்சிருக்கீங்க?" நான் அதைத் தொட்டதே இல்லை. வாங்கிய அன்று கண்ணைப் பறித்த "விவிட்" வகையிலேயே பத்தரை மாதம் ஓடியிருக்கிறது. என் எல்இடி அதனால்தான் போனது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் உச்சத்தில் ஓடும் எல்இடி அதிகம் சூடாகும், சூடு அதன் ஆயுளைக் குறைக்கும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். ராத்திரி அறையில் 50, 60 போதும். இப்போது சினிமா வகையில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது. இப்போது விவிட்டுக்குப் போனால் எல்லார் முகமும் நீலம் பூசிய மாதிரி இருக்கிறது.

டிவியின் வசதிகளும் வாரண்டியும் வெவ்வேறு விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த எண்ணம் போனது. அக்கா வீட்டுக் கதை அதை இன்னும் உறுதியாக்கியது.

அக்கா வீட்டில் இருப்பது ஓலெட். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட் கிடையாது. கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும் சேனல் சின்னம் அந்தப் புள்ளிகளை மட்டும் சீக்கிரம் தேய வைத்துவிடும். அதைத் தடுக்க டிவியே ஒரு வேலை செய்கிறது. அவர் மாடலில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்தால், காத்திருப்பு நிலையில் சில நிமிடம் புள்ளிகளை அளந்து சரிசெய்துகொள்ளும். அத்தானுக்கோ மின்சாரத்தை வீணாக்கக் கூடாது. தினமும் ராத்திரி அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்தச் சரிசெய்யும் வேலை ஒருநாள்கூட முழுசாக நடந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாம் வருடம் செய்திச் சேனலின் சின்னம் வலது மூலையில் நிழலாகப் பதிந்துவிட்டது. வாரண்டி கேட்டார்கள், விலக்குப் பட்டியலில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஸ்விட்சை உடனே அணைக்காதீர்கள் என்று கையேட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தை அக்கா எனக்குப் படித்துக் காட்டியபோது அவர் குரல் கம்மியது. ஓலெட் வைத்திருப்பவர்கள் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

சொல்ல வேண்டிய வேறு சில வசதிகளும் உண்டு. உதவிப் பகுதியில் பல டிவிகளில் படச் சோதனை, ஒலிச் சோதனை என்று இருக்கும். டிவி தன்னிடமுள்ள படத்தைக் காட்டும், அது நன்றாக இருந்தால் குறை டிவியில் இல்லை, செட்டாப் பாக்ஸிலோ கேபிளிலோ இருக்கிறது. பாதிப் புகார்களை இது ஒன்றே தீர்த்துவிடும் என்றார் டெக்னீஷியன். முதல் தடவை ஆன் செய்யும்போது வீடா கடையா என்று கேட்டால் வீடு என்றே கொடுங்கள். கடை வகையில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், நீங்கள் மாற்றினாலும் பழையபடி திரும்பிவிடும். நீங்கள் பார்ப்பதை டிவி அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியும் பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. தனியுரிமைப் பகுதியில் அதை அணைக்கலாம், அணைத்தாலும் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது.

நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது பெரும்பாலும் தனி ஒப்பந்தம், சில சமயம் தருவது வேறு நிறுவனம். அதற்கும் ஒரு நான்காம் பக்கம் இருக்கும். பணம் கட்டும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பேனல் சேர்த்தியா என்று பாருங்கள், ஏனென்றால் டிவியில் விலை கூடிய பாகம் அதுதான்.

பேக்லைட் மாற்றி முடிந்த அன்று ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன், என்ன பாகம் மாற்றினார்கள், என்ன தேதி என்று எழுதச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வாரண்டி முடிய 23 நாள் இருந்தது. கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்னார், "இன்னும் நாள் இருக்கு சார், மத்த எல்லாத்தையும் ஒருதடவை செக் பண்ணிடுங்க."

டிவியில் எச்டிஎம்ஐ துளைகள் மூன்று, படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு அது. வாங்கியதிலிருந்து நான் பயன்படுத்தியது முதல் துளையை மட்டும்தான். அந்த வார இறுதியில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். யுஎஸ்பி சரி, வைஃபை சரி, ஆண்டெனா சரி, எச்டிஎம்ஐ முதல் இரண்டும் சரி. மூன்றாவதின் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருந்தது. டிவியின் ஒலியை அதே கேபிள் வழியாக வெளி ஸ்பீக்கருக்குத் திருப்பி அனுப்பும் வசதி அது, 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. சவுண்ட்பாரை அந்தத் துளையில் செருகினால்தான் வேலை செய்யும். நண்பரிடம் சவுண்ட்பார் இரவல் வாங்கிச் செருகினேன். சத்தமே இல்லை.

உடனே புகார் செய்யவில்லை. ஏஆர்சி வேலை செய்யப் பல டிவிகளில் சிஇசி என்ற வசதியும் ஆனில் இருக்க வேண்டும். ஒரே ரிமோட்டில் எல்லாச் சாதனங்களையும் இயக்க வைப்பது அதுதான். சாம்சங் அதை எனிநெட்+ என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. என் டிவியில் அது அணைந்திருந்தது. ஆன் செய்தேன், கேபிளையும் மாற்றினேன், அப்போதும் சத்தம் இல்லை. முதல் துளையில் நன்றாக ஓடும் பிளேயரை எடுத்து மூன்றாவதில் போட்டேன், "சிக்னல் இல்லை" என்றது. அதே கேபிள், அதே பிளேயர், இரண்டாவதில் படம் வருகிறது. இதை அப்படியே வீடியோ எடுத்துப் புகாரோடு அனுப்பினேன். இந்தத் தடவை போனில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

துளை மெயின் போர்டோடு சேர்ந்தது, ஆகவே போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஆள் வருவதற்கு முந்தின ராத்திரி எல்லாச் செயலிகளிலிருந்தும் வெளியேறி, டிவியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றினேன். நம் கணக்குகள், வைஃபை கடவுச்சொல் எல்லாம் அந்தப் போர்டில்தான் இருக்கின்றன, பழைய போர்டை அவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். அதே தம்பிதான் வந்தார். முக்கால் மணி நேர வேலை. சவுண்ட்பாரைச் செருகினார், அம்மாவின் செய்திச் சேனல் அதில் பேசியது. ஜாப் ஷீட்டில் தேதி போட்டுக் கொடுத்தார். வாரண்டி முடிய அன்றைக்கு ஐந்து நாள் பாக்கி.